பனியாற்றின் மாதக் கணக்கு

கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றே வடக்கே, உள்நாட்டுக்குள் வெகுதூரம் நுழைந்து நிற்கும் ஃபியார்டு என்ற ஒரு கடற்கழியின் தலைமாட்டில் இருக்கிறது கங்கர்லுசுவாக். 1941-இல் அமெரிக்கா கட்டிய போர்க்கால விமானத் தளம்தான் இந்த ஊருக்கு மூலம். 1992-இல் அமெரிக்கப் படை வெளியேறிய பின்னும் ஓடுபாதை இருந்தது. அதனால் ஊரும் இருந்தது. ஏறத்தாழ ஐந்நூறு பேர் வசிக்கும் இவ்வூரில்தான், 2024 நவம்பரில் தலைநகர் நூக்கில் நீண்ட ஓடுபாதை திறக்கப்படும்வரை, கிரீன்லாந்துக்குப் பறந்து வரும் வெளிநாட்டவரில் பெரும்பாலோர் இறங்கினார்கள். பனிவிரிப்பைக் காண வந்தவர் முதலில் சந்திப்பது வாட்சன் ஆற்றை. சாம்பல் கலந்த பால் நிறத்தில், பனி அரைத்த பாறையின் மாவைச் சுமந்துகொண்டு, கோடை முழுவதும் இரைச்சலோடு ஓடுகிறது அது. 2012 ஜூலையில் கிரீன்லாந்துப் பனிவிரிப்பின் மேற்பரப்பு ஏறக்குறைய முழுவதும் உருகிய நாட்களில் இதே ஆறு பெருக்கெடுத்து ஊர்ப் பாலத்தின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது. ஆற்றை ஒட்டிக் கிழக்கே போகும் மண்சாலை, கஸ்தூரி எருதுகள் மேயும் மேடுகளைத் தாண்டி, ரஸ்ஸல் பனியாற்றின் செங்குத்து விளிம்பைத் தொட்டு, பிறகு பனிவிரிப்பின் மீதே காலெடுத்து வைக்கக்கூடிய இடத்தில் முடிகிறது.

அந்த விளிம்பில் நிற்பவர் எவருக்கும் எழும் கேள்வி ஒன்று உண்டு. இவ்வளவு தண்ணீரும் பனியின் மேலே உருகி, பனிக்குள்ளே இறங்கி, அடிப்பாறையில் ஓடித்தான் ஆறாக வெளியே வருகிறது. அப்படியானால் அடியில் ஓடும் நீர் மேலே கிடக்கும் பனியை வழுக்கிவிடாதா? பூமி சூடாகச் சூடாக உருகும் நீர் கூடும்; நீர் கூடக்கூடப் பனி கடலை நோக்கி இன்னும் வேகமாகச் சரியும்; சரியும் பனி மேலும் உருகும். கேட்பதற்கே அச்சமூட்டும் இந்தச் சங்கிலி உண்மையா என்பதை ஆண்டுச் சராசரி வேகம் என்ற ஒற்றை எண் சொல்லாது என்பது என் கருத்து. ஒரு பனியாறு எந்த வாரத்தில் வேகமெடுக்கிறது, எப்போது உச்சம் தொடுகிறது, எப்போது தளர்கிறது என்ற பருவ வரைபடம்தான் அதை ஓட்டுவது எது என்று காட்டிக்கொடுக்கும். அந்த வரைபடத்தைப் பனிவிரிப்பு முழுமைக்கும், குளிர்கால இருட்டையும் கோடை மேகத்தையும் மீறி வரையக்கூடிய கருவி செயற்கைக்கோள் ரேடார். கங்கர்லுசுவாக்கிலிருந்து வடக்கே இலுலிசாட் வரையிலான சுமார் 250 கிலோமீட்டர் கரையே இதற்குப் போதிய சான்று.

கதை தொடங்குவது இலுலிசாட்டுக்குக் கிழக்கே பனிவிரிப்பின் மேலிருந்த ஸ்விஸ் கேம்ப் ஆய்வுக்கூடாரத்தில். கொன்ராட் ஸ்டெஃபன் 1990-இல் அமைத்த இந்த முகாமில் 1996 முதல் 1999 வரை ஜிபிஎஸ் கருவி கொண்டு பனியின் நகர்வை அளந்தார்கள். அங்கே பனியின் கனம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு கனமான பனியின் அடிவரை மேற்பரப்பு நீர் இறங்கும் என்று அதுவரை பலர் நம்பவில்லை. 2002-இல் ஜே ஸ்வாலியும் ஸ்டெஃபனும் மற்றவர்களும் வெளியிட்ட முடிவு அந்த நம்பிக்கையை உடைத்தது. குளிர்காலத்தில் நாளுக்கு 31.3 சென்டிமீட்டர் நகர்ந்த பனி, 1998 கோடையில் 40.1 சென்டிமீட்டர் வரை வேகமெடுத்திருந்தது. உருகல் கூடிய கோடைகளில் வேகமும் கூடியிருந்தது. 2006 ஜூலையில் இதே வட்டாரத்தில் இன்னொரு சாட்சியும் கிடைத்தது. பனியின் மேல் ஐந்தரைச் சதுர கிலோமீட்டர் பரப்புக்குத் தேங்கிக் கிடந்த ஏரி ஒன்று, கீழே பனி பிளந்ததும், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முழுவதுமாக வடிந்து மறைந்தது. வடிந்த வேகம் நயாகரா அருவியைவிட அதிகம். அந்த நீர் அடியில் புகுந்தபோது சுற்றியிருந்த பனி ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து இறங்கியது. நீர் அடிவரை போகிறது என்பதில் அதன்பின் ஐயமில்லை. அச்சச் சங்கிலியின் முதல் கண்ணி உறுதியாகிவிட்டது.

ஆனால் ஓரிடத்தில், சில கோடைகளில் அளந்ததை வைத்து ஒரு நூற்றாண்டைக் கணித்துவிட முடியுமா? பனிக்கடியில் நடப்பதை நினைத்துப் பார்த்தால் அது அவ்வளவு எளிதல்ல என்று தெரியும். குளிர்காலத்தில் மேலிருந்து நீர் வருவதில்லை. அடியில் உள்ள கால்வாய்களைப் பனியின் எடையே மெல்ல நசுக்கி மூடிவிடுகிறது. கோடை தொடங்கியதும் வரும் புதுநீருக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறுகிறது, பனியைப் பாறையிலிருந்து சற்றே தூக்குகிறது, உராய்வு குறைகிறது, பனி வேகமெடுக்கிறது. ஓடும் நீரோ தன் வெப்பத்தால் சுற்றியுள்ள பனியை உருக்கி வழியை அகலமாக்கிக்கொண்டே போகிறது. வழி பெரிதானதும் அதே அளவு நீர், அல்லது அதைவிடக் கூடுதல் நீரும்கூட, அழுத்தமில்லாமல் வடிந்துவிடுகிறது. பனி மீண்டும் பாறையில் அமர்ந்து தளர்கிறது. பருவத்தின் முதல் மழையில் அடைப்பெடுக்காத வடிகால் தெருவை மூழ்கடிப்பதும், அடைப்பு நீங்கிய பிறகு அதைவிடப் பெரிய மழையும் சத்தமில்லாமல் வடிவதும் நம் ஊர்களில் ஆண்டுதோறும் பார்ப்பதுதான். கிறிஸ்டியன் ஷூஃப் 2010-இல் கணித முறையில் காட்டியதும் இதுவே: நீரின் மொத்த அளவைவிட, அது வரும் வேகத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கமே பனியை விரைவுபடுத்துகிறது. இந்த விளக்கம் சரியென்றால் அதற்கொரு கைரேகை இருக்க வேண்டும். கோடையின் தொடக்கத்தில் உச்சம், பிற்பாதியில் தளர்ச்சி. வெப்பமான ஆண்டுகளில் அந்தத் தளர்ச்சி இன்னும் முன்கூட்டியே. அதை ஆண்டுச் சராசரியில் தேடினால் கிடைக்காது.

இங்கேதான் ரேடார் வருகிறது. செயற்கைக்கோள் தானே நுண்ணலையைக் கீழே அனுப்பித் திரும்பி வருவதைப் பதிவு செய்வதால் அதற்குச் சூரியன் தேவையில்லை; மேகமும் தடையில்லை. நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி வரை சூரியன் எழாத இலுலிசாட் போன்ற இடத்தில் இது சலுகை அல்ல, அடிப்படைத் தேவை. ஒரே பாதையில் சில நாட்கள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினால், பனியின் மேற்பரப்பிலிருந்து திரும்பிய அலையின் புள்ளிக்கோலம் எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று அளக்கலாம். இன்னும் நுட்பமான வழி, இரு படங்களின் அலைகளிலும் உள்ள கட்ட வேறுபாட்டை அளப்பது. அதில் அலைநீளத்தின் பாதியளவு, அதாவது மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான நகர்வுகூட ஒரு முழுக் கோட்டுச் சுற்றாகத் தெரியும். 1991-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் இஆர்எஸ்-1 தந்த படங்களைக் கொண்டு அன்டார்க்டிக்காவின் ரட்ஃபர்டு பனியோட்டத்தின் வேகத்தை ரிச்சர்டு கோல்ட்ஸ்டைனும் கூட்டாளிகளும் 1993-இல் இப்படித்தான் அளந்தார்கள். வேலையின் நுட்பத்தை உணர ஸ்விஸ் கேம்ப் எண்களையே எடுத்துக்கொள்ளலாம். 12 நாளில் அந்தப் பனி குளிர்கால வேகத்தில் சுமார் 3.75 மீட்டர் போகும், கோடை உச்சத்தில் 4.8 மீட்டர். பருவ மாற்றம் என்று நாம் பேசுவது இந்த ஒரு மீட்டர் வேறுபாட்டைத்தான். அதை 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடித்தார்கள். 2008-இல் இயன் ஜோகினும் குழுவினரும் கனடாவின் ரேடார்சாட் படங்களை வைத்து இந்த மேற்குக் கரையைப் பரப்பளவில் பார்த்தபோது ஒரு வேறுபாடு வெளிப்பட்டது. மெதுவாக நகரும் பனிவிரிப்பு கோடையில் 50 முதல் 100 சதவீதம் வரை வேகமெடுக்கிறது. ஆனால் கடலுக்குப் பாயும் பெரும் பனியாறுகளில் அந்தக் கோடை முடுக்கம் 15 சதவீதத்துக்கும் குறைவு. அதே ஆண்டு நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் கங்கர்லுசுவாக்குக்கு மேலே பனியில் நட்ட கம்புகளின் 17 ஆண்டுக் கணக்கை வெளியிட்டார்கள். உருகல் கூடியிருந்தது, ஆண்டு வேகமோ சற்றே குறைந்திருந்தது. முரண்பாடாகத் தோன்றிய இதை 2011-இல் அவிழ்த்தது ரேடார்தான். ஓட் சுண்டாலும் கூட்டாளிகளும் 1990-களின் இஆர்எஸ் படங்களை மீண்டும் எடுத்து, தென்மேற்கு கிரீன்லாந்தில் தரையிலேயே முடியும் ஆறு பனியாறுகளை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டார்கள். கோடையின் முற்பாதி எல்லா ஆண்டுகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. பிற்பாதியில்தான் வழி பிரிந்தது. வடிநீர் நாளுக்குச் சுமார் 1.4 சென்டிமீட்டரைத் தாண்டியதும் பனி தளர்ந்தது. வெப்பமான ஆண்டுகளில் அந்த எல்லையைச் சீக்கிரமே தாண்டியதால், பனி விரைவாக நகர்ந்த காலம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. 2015-இல் ஆண்ட்ரூ டெட்ஸ்டோன் குழு லேண்ட்சாட் ஒளிப்படங்களைக் கொண்டு மூன்று பத்தாண்டுகளைப் பார்த்தபோது இதே வட்டாரம் 12 சதவீதம் மெதுவாகியிருந்தது. உருகலோ பாதிக்குப் பாதி கூடியிருந்தது. எதிர்பார்த்த கைரேகை அப்படியே கிடைத்துவிட்டது.

இதைக் கேட்பவர்கள் சொல்லும் முதல் மறுப்பு நியாயமானது. கோடையில் ஏறி, பின்பு இறங்கி, கடைசியில் ஆண்டுக் கணக்கு சரியாகிவிடுகிறது என்றால், கடல்மட்டத்தைப் பற்றிக் கவலைப்படுபவருக்கு ஆண்டுச் சராசரியே போதாதா? போதாது. சராசரி ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாமல் அதை நாளைக்கு நீட்ட முடியாது. பனியின் உயரமான உட்பகுதியில் கனம் அதிகம். அங்கே திறக்கும் வழிகளைப் பனியின் எடை உடனே மூடிவிடலாம். விளிம்பில் நடக்கும் ஈடுகட்டல் அங்கே நடக்காமல் போகலாம். சாமுவேல் டாய்ல் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், விளிம்பிலிருந்து 140 கிலோமீட்டர் உள்ளே வைத்த ஜிபிஎஸ் கருவியில், 2009 முதல் 2012 வரை ஆண்டுக்கு ஆண்டு மெல்லிய முடுக்கத்தையே கண்டது. இன்னொரு ஆறுதலையும் கைவிட வேண்டும். தளர்ந்து நகரும் பனி பாதுகாப்பான பனி அல்ல. வாட்சன் ஆறு அந்தப் பனியைத்தான் கரைத்துக் கடலில் சேர்க்கிறது. கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏழு மீட்டருக்கு மேல் உயரும். நகர்வு மெதுவாவதால் அந்தக் கணக்கில் ஒரு வரி மட்டுமே மாறுகிறது.

இரண்டாவது மறுப்பு களத்தில் உழைத்தவர்களுடையது. பனியில் ஊன்றிய ஒரு ஜிபிஎஸ் கருவி மணிக்கு மணி, சென்டிமீட்டர் நுட்பத்தில் சொல்வதை வானத்திலிருந்து யாரால் சொல்ல முடியும்? முடியாதுதான். ரேடாரின் கணக்கைச் சரிபார்க்கவே தரையில் கருவி வேண்டும். ஏரி வடிந்த அந்த ஒன்றரை மணி நேரத்தைச் செயற்கைக்கோள் பார்த்திருக்காது. ஆனால் கருவி நிற்பது ஒரு புள்ளியில். எந்தப் புள்ளியில் நட்டோமோ அதன் கதையையே அது பனிவிரிப்பு முழுவதன் கதையாகச் சொல்லும் அபாயம் உண்டு. அந்தப் புள்ளிகளைக் காக்க மனிதர்கள் தரும் விலையையும் மறக்கக்கூடாது. முப்பது ஆண்டுகள் ஸ்விஸ் கேம்ப்பைக் கட்டிக் காத்த ஸ்டெஃபன், 2020 ஆகஸ்டில் அந்த முகாமுக்கு அருகிலேயே பனிப்பிளவில் விழுந்து இறந்தார். ரேடாரைப் புகழ்வது அவரைப் போன்றவர்களின் உழைப்பைச் சிறிதாக்குவதாகாது. அவர்கள் ஒரு புள்ளியில் கேட்ட கேள்வியைப் பனிவிரிப்பு முழுவதிலும் கேட்கும் வழி அது, அவ்வளவே.

கங்கர்லுசுவாக்கிலிருந்து சிறு விமானத்தில் முக்கால் மணி நேரம் வடக்கே பறந்தால் இலுலிசாட். இங்கே பனியைத் தேடிப் போகவேண்டியதில்லை. ஊரின் தெற்கு எல்லையிலிருந்து பலகைப் பாதை வழியே, முன்பு மக்கள் வாழ்ந்த செர்மெர்மியுட் வெளியைக் கடந்து ஃபியார்டின் கரைக்குப் போனால், கட்டடங்களைவிட உயரமான பனிமலைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஃபியார்டின் வாயில் கடலடியில் பனியாறு முன்பு குவித்துவிட்டுப் போன மொரெய்ன் திட்டில் தட்டி நிற்பவை அவை. 2004-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது இந்த ஃபியார்டைத்தான். அந்தப் பனிமலைகளை ஈன்ற செர்மெக் குயல்லெக் பனியாறு, பழைய வரைபடங்களில் யாக்கோப்ஷாவன், உள்ளே 50 கிலோமீட்டருக்கு அப்பால். இந்தப் பனியாறு தரையில் முடியாமல் கடலில் முடிகிறது. அந்த ஒரு வேறுபாடு தெற்கே கற்ற பாடம் அத்தனையையும் புரட்டிவிடுகிறது. 1980-களில் கீத் எக்கல்மேயரும் வில்லியம் ஹாரிசனும் இதை அளந்தபோது கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வேறுபாடே தென்படவில்லை. உலகின் மிக வேகமான பனியாறுகளுள் ஒன்று, ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடியது. அதன் முகப்பில் கடலில் மிதந்த நீண்ட பனிநாக்கு பின்னாலிருந்த பனியைத் தாங்கிப் பிடித்திருந்தது.

1990-களின் இறுதியில் அந்த நாக்கு உடையத் தொடங்கி, 2003-க்குள் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. 1992-இல் ஆண்டுக்கு 5.7 கிலோமீட்டராக இருந்த வேகம் 2003-இல் 12.6 ஆனது. அத்துடன் இன்னொன்றும் நடந்தது. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. பருவமே இல்லாதிருந்த பனியாற்றுக்குப் பருவம் வந்தது. கோடையில் முகப்பு பின்வாங்கும்போது வேகம் ஏறுகிறது, குளிர்காலத்தில் ஃபியார்டுப் பனி உறைந்து முகப்பு முன்னேறும்போது வேகம் குறைகிறது. ஜெர்மனியின் டெராசார்-எக்ஸ் 11 நாளுக்கு ஒருமுறை எடுத்த படங்களில் இந்த ஏற்றமும் இறக்கமும் தெளிவாகத் தெரிந்தன. 2012 கோடையில் வேகம் ஆண்டுக்கு 17 கிலோமீட்டர் என்ற அளவை, அதாவது நாளுக்கு 46 மீட்டரைத் தொட்டது. அடியில் ஓடும் நீரைவிட முகப்பின் நிலைதான் இதை ஓட்டுகிறது என்பதற்கு அந்த வரைபடமே சான்று. 2016-க்குப் பிறகு இலுலிசாட் கரையிலுள்ள டிஸ்கோ விரிகுடாவின் நீர் குளிர்ந்தபோது இந்தப் பனியாறு தளர்ந்து தடித்தது. வெப்பமடையும் பூமியில் இது எப்படி என்று கேட்டவர்களுக்குக் கடலைக் காட்டிப் பதில் சொல்ல முடிந்ததும் அதனால்தான். ட்விலா மூன் குழு கடலில் முடியும் 55 கிரீன்லாந்துப் பனியாறுகளை 2014-இல் பருவ வாரியாகப் பிரித்தபோது மூன்று தனித்தனி வகைகள் கிடைத்தன: சில முகப்புக்குக் கட்டுப்படுகின்றன, சில உருகுநீருக்கு, சில கோடை நடுவிலேயே திடுமெனத் தளர்ந்து குளிர்காலத்தில் மீள்கின்றன. பக்கத்துப் பக்கத்துப் பனியாறுகளே ஒன்றுபோல நடப்பதில்லை. ஒரே விதியை எல்லாவற்றுக்கும் சூட்ட நினைப்பவர் இந்தக் கரையைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ரேடாருக்கு எதிரான மிக வலுவான மறுப்பைக் கடைசியாகச் சொல்கிறேன். கோடையில் மேற்பரப்பு ஈரமானதும் நுண்ணலை உறிஞ்சப்பட்டுவிடுகிறது. இரு படங்களுக்கிடையே புள்ளிக்கோலமே மாறிவிடுகிறது. பொருத்த எதுவும் மிஞ்சுவதில்லை. எந்த வாரங்களை அளக்க வந்தோமோ அந்த வாரங்களிலேயே கண் மங்குகிறது. இது உண்மையான குறை. மருந்து இரண்டு: இடைவெளியைக் குறைப்பது, அலையை நீளமாக்குவது. ஐரோப்பாவின் சென்டினல்-1 இணையில் இரண்டு செயற்கைக்கோள்களும் இயங்கியபோது ஆறு நாளுக்கொரு பார்வை கிடைத்தது. 2021 டிசம்பர் 23 அன்று சென்டினல்-1பி பழுதானதும் பல இடங்களில் அது பன்னிரண்டு நாளானது. அடுத்த செயற்கைக்கோள் ஏவப்பட 2024 டிசம்பர் ஆயிற்று. அந்த மூன்று கோடைகளைத் திரும்ப அளக்க முடியாது. அன்டார்க்டிக்காவின் தீபகற்பத்தில் 105 பனியாறுகள் கோடையில் சராசரியாக 12 சதவீதம் வேகமெடுக்கின்றன என்று 2023-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் கண்டதும் 2014 முதல் 2021 வரை இடைவிடாது சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சென்டினல்-1 படங்களால்தான்.

அலையை நீளமாக்கும் மருந்து நம் கரைக்கு அருகிலிருந்து போயிருக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்16 ஏவிய நிசார் செயற்கைக்கோள், 24 சென்டிமீட்டர் எல்-பட்டை ரேடாரை நாசாவிடமிருந்தும், அதைவிடக் குறுகிய எஸ்-பட்டை ரேடாரை இஸ்ரோவிடமிருந்தும் சுமந்து செல்கிறது. பனியில் நீள அலை கோலத்தை இன்னும் நெடுநேரம் பிடித்துவைக்கும். அன்டார்க்டிக்காவை நன்றாகப் பார்ப்பதற்காகவே அது இடப்பக்கம் நோக்கும்படி திட்டமிடப்பட்டது. சென்டினல்-1 படங்களும் நிசார் படங்களும் எவரும் இலவசமாகப் பெறக்கூடியவை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புவியியலும் தொலையுணர்வும் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிரீன்லாந்தின் 55 பனியாறுகளுக்குச் செய்த பருவ வகைப்பாட்டைச் செய்யவேண்டிய பனியாறுகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், படங்களை இறக்குங்கள், அதன் வேகத்தை மாதம் மாதமாக வரையுங்கள்.